மதிப்பெண் பலகை திறக்கும் முன்

இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் வீடியோ கேம்களில், உடன் ஆடிய ஒருவருக்கு வாக்களிப்பதற்காக ஆட்டம் முடிந்ததும் சில நொடிகள் மட்டுமே திரையில் நிற்கும் அந்தப் பாராட்டுப் பொத்தானைப் பல ஆண்டுகளாக நான் யோசிக்காமலேயே அழுத்தி வந்தேன். மதிப்பெண் பலகையில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கே என் வாக்கு போகும். அதிகம் பேரை வீழ்த்தியவர்தானே ஆட்டத்தை வென்று கொடுத்தவர் என்பது அப்போதைய என் எண்ணம். அதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஓர் ஆட்டத்தின் காட்சிப் பதிவு அந்த எண்ணத்தைக் கலைத்தது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம். ஓர் அணி குண்டு வைக்க வேண்டும், மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும். 13-11 என்று நாங்கள் வென்றோம். எங்கள் அணியில் ஒருவர் 27 பேரை வீழ்த்தியிருந்தார். இன்னொருவரின் கணக்கில் 6 கில்லும் (வீழ்த்தல்) 19 மரணமும் இருந்தன. வழக்கம்போல 27 எடுத்தவருக்கு என் பாராட்டு போனது. 6 எடுத்தவரைப் பற்றி அணியில் ஒருவர் கடுமையாக எழுதியபோது நான் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் மனதுக்குள் நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தேன். மறுநாள், என் குறி எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்காக அந்த ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயைத் திறந்தேன். நாங்கள் தாக்கிய ரவுண்டுகளில் பெரும்பாலானவற்றில் வாசலுக்குள் முதலில் நுழைந்தவர் அந்த 6 கில் ஆட்டக்காரர்தான். கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டை வீசிவிட்டு உள்ளே பாய்வார். எதிரிகள் அவரைச் சுடுவார்கள். சுட்டதாலேயே அவர்கள் ஒளிந்திருந்த இடம் எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் பெருமைப்பட்டுக்கொண்ட மூன்று கில்கள் அவர் செத்து விழுந்த அடுத்த நொடியில், அவரைச் சுட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்மேல் நான் அடித்தவை. போதாததற்கு, ஆயுதம் வாங்க என்னிடம் காசில்லாத ரவுண்டுகளில் என் கையில் இருந்த துப்பாக்கி இரண்டு முறை அவர் வாங்கிக் கீழே போட்டது. 27 எடுத்தவரோ அநேகமாக ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசியாக வந்தார். நாங்கள் நால்வரும் விழும்வரை சுவருக்குப் பின்னால் காத்திருந்து, காயம்பட்ட எதிரிகளை எளிதாக வீழ்த்தினார். அவற்றில் பல, ஏற்கெனவே தோற்றுவிட்ட ரவுண்டுகள்.

அன்று நான் உணர்ந்தது இதுதான்: பாராட்டு வாக்கு என்பது ஒரு சாட்சியம். நான் கண்ணால் கண்டதற்குத்தான் நான் சாட்சி சொல்ல முடியும். அந்த ஆட்டத்தில் நான் எதையும் காணவில்லை, பலகை சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். எண்கள் தமக்காகத் தாமே பேசிக்கொள்ளும். அவற்றுக்கு என் வாக்கு தேவையில்லை. எண்ணில் ஏறாத செயலைச் செய்தவருக்கு என்னைப் போன்ற நான்கு பேரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எண்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. அவை எதை எண்ணுவதற்காக உருவாக்கப்பட்டனவோ அதைத் துல்லியமாகவே எண்ணுகின்றன. எண்ணுவதற்கு எளிதானவையே பலகைக்கு வருகின்றன என்பதுதான் சிக்கல். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தில் ஒவ்வொரு ரவுண்டின் முடிவிலும் வென்ற அணியில் ஒருவருக்கு எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) நட்சத்திரம் தரப்படுகிறது. குண்டு வெடித்து வென்றால் வைத்தவருக்கு, குண்டைச் செயலிழக்கச் செய்து வென்றால் அதைச் செய்தவருக்கு, மற்றபடி அதிகம் பேரை வீழ்த்தியவருக்கு என்று போகும். குண்டைச் செயலிழக்கச் செய்பவர் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் முழுவதும் புகைக்குள் நின்று அவரைக் காத்தவருக்கு நட்சத்திரம் இல்லை. 2015இல் வெளிவந்த, கார்களால் பந்தடிக்கும் ஆட்டமான ராக்கெட் லீக்கில் கோலுக்கு 100 புள்ளி, கோலுக்கு வழி செய்தால் 50, கோலைத் தடுத்தால் 50, அசாத்தியமாகத் தடுத்தால் 75. அந்த ஆட்டத்தில் ஓரளவு தேறியவர்களுக்குத் தெரியும், மூவர் அணியில் மிக அரிய பண்பு பந்தைத் தொடாமல் விலகும் பண்பு. இரண்டு பேர் முன்னால் பாயும்போது மூன்றாமவர் ஆசையை அடக்கிக்கொண்டு பின்வாங்கி நிற்பார். அவர் அங்கே நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மற்ற இருவரும் துணிந்து பாய்கிறார்கள். அப்படி நிற்பதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. மேலும், ராக்கெட் லீக்கின் எம்விபி பட்டம் வென்ற அணிக்குள் மட்டுமே போகும், ஆகவே தோற்ற அணியில் அருமையாக ஆடியவரின் பெயர் அதில் வரவே முடியாது.

2016இல் வந்த ஓவர்வாட்ச் என்ற அணிச் சுடும் ஆட்டம் இதற்கு ஒரு மாற்று வழியை முயன்றது. எல்லோரும் பார்க்கும் முழுப் பலகையே வேண்டாம் என்று முடிவு செய்து, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கங்களை அவரவர் திரையில் மட்டும் காட்டியது. நல்ல நோக்கம்தான். ஆனால் வீழ்த்தியதற்கான தங்கம் தன்னிடம் இருக்கிறது, மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுச் சண்டை போடும் பழக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. ஓர் எதிரியை மூன்று பேர் சேர்ந்து அடித்தால் மூவர் கணக்கிலும் அந்த வீழ்த்தல் ஏறும் என்பதால், தங்கம் வைத்திருப்பவர் தனியாக எதையும் சாதித்தார் என்று அதிலிருந்து சொல்லவே முடியாது. 2022இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பதக்கங்கள் எடுக்கப்பட்டு, எல்லோருக்கும் தெரியும் பலகை வந்தது. மறைத்தாலும் சண்டை, காட்டினாலும் சண்டை. எண்ணைக் கையில் கொடுத்தால் மனிதர் அதைத் தராசாக்கிவிடுகிறார்கள்.

பாராட்டு முறைகளை வடிவமைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் வைத்த பெயர்களில் திறமை அநேகமாக இல்லை. 2012இல், ஐவர் அணிகள் மோதும் ஆட்டமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பாராட்டு முறையைக் கொண்டுவந்தபோது நட்பு, உதவி, கூட்டு முயற்சி, மதிப்புக்குரிய எதிராளி என்று பிரித்தது. அதே வகை ஆட்டமான டோட்டா 2 நட்பு, மன்னிக்கும் குணம், கற்பித்தல், தலைமை என்ற நான்கைக் கேட்டது. 2018இல் ஓவர்வாட்ச் வழிநடத்தல், நல்ல அணித்தோழமை, பெருந்தன்மை என்று மூன்றைக் கேட்டது. இவற்றுள் டோட்டாவின் பட்டியலில் உள்ள ‘மன்னிக்கும் குணம்’ என்ற சொல் என்னை இன்றுவரை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நாற்பது நிமிடம் ஓடும் ஓர் ஆட்டத்தில், பத்தாவது நிமிடத்தில் நான் செய்த தவறை இருபதாவது நிமிடத்தில் சொல்லிக்காட்டாத ஒருவரோடு ஆடும்போது என் விரல்கள் எவ்வளவு தளர்வாக இயங்குகின்றன என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். அது வெறும் நற்குணம் என்பதோடு நில்லாமல், ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடிய ஒரு செயலும் ஆகிறது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2017இல் தன் முறையைத் திருத்தி அமைத்தபோது செய்த ஒரு சிறிய மாற்றம் எனக்கு வழிகாட்டியாக அமைந்தது. ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கம் வருவதற்கு முன்பே வாக்களிக்கும் திரை வந்தது. பதறாமல் ஆடியவர், நன்றாக வழிநடத்தியவர் போன்ற காரணங்களில் ஒன்றைச் சுட்டி, ஒரே ஒருவருக்கு வாக்களிக்க வேண்டும். எண்கள் கண்ணை மறைப்பதற்கு முன் நினைவிடம் கேள் என்று சொல்வதுபோல அந்த வரிசை அமைந்திருந்தது. எந்த ஆட்டமாக இருந்தாலும் இப்போது அதையே எனக்கு விதியாக வைத்திருக்கிறேன். பலகையைப் பார்க்கும் முன் யாருக்கு என்று மனதுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். அவர் என்ன செய்தார் என்பதை ஒரு முழு வாக்கியமாக என்னால் சொல்ல முடிய வேண்டும். ‘நன்றாக ஆடினார்’ என்பது வாக்கியம் ஆகாது. ‘நம் காட்டுக்குள் எதிரணி நுழையும் ஒவ்வொரு முறையும் அவர் வைத்த வார்டுதான் நமக்கு முதலில் காட்டியது’ என்பது வாக்கியம் (வார்டு என்பது இருண்ட பகுதியை அணிக்குக் காட்டும் பொருள்). அப்படி ஒன்று வாயில் வரவில்லை என்றால் நான் யாருக்கும் வாக்களிப்பதில்லை. இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பதைவிட இதுவே வாங்குபவருக்குக் காட்டும் மரியாதை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் ஆட்டம் நடக்கும்போதே மற்றவர்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, அது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினம். நம் பாத்திரத்தின் கண் வழியாக மட்டுமே உலகைக் காட்டும் ஆட்டங்களில் அணித்தோழர் செய்வதில் பெரும்பகுதி நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. செத்து, மீண்டும் உயிர்பெறக் காத்திருக்கும் நேரம்தான் இதற்குக் கிடைக்கும் இடைவெளி. முன்பெல்லாம் அந்த நேரத்தை யார்மேல் பழி போடலாம் என்று யோசிப்பதில் செலவழித்தேன். இப்போது ஒவ்வொருவரின் பார்வைக்கும் மாறி மாறிப் போய்ப் பார்க்கிறேன். என் ஆட்டமும் அதனால் முன்னேறியது, ஆனால் அது தனிக் கதை.

பார்க்கத் தொடங்கியபின் தெரிந்த மிகப் பெரிய விஷயம், அணிக்காகச் செய்யப்படும் வேலைகளில் பாதி ‘நடக்காமல் போனவை’ என்ற வகையைச் சேர்ந்தவை என்பது. ஓவர்வாட்ச்சில் எதிரணி வீரர் தன் மிக வலிய சிறப்பு ஆற்றலைத் தொடங்கும் நொடியில் நம் அணியின் ஆனா என்ற பாத்திரம் தூக்க ஊசியை எய்து அவரைச் சாய்த்துவிட்டால், சாக வேண்டிய நான்கு பேர் சாகாமல் நிற்கிறார்கள். சாகாத நால்வரையும் எந்தப் பலகையும் எண்ணுவதில்லை. அதே ஆட்டத்தில், சுவருக்குப் பின்னால் ஒதுங்கத் தெரியாத ஒரு டேங்குக்கு (முன்னின்று அடி தாங்குபவர்) இடைவிடாமல் உயிர் ஊட்டிக்கொண்டிருந்த ஹீலரின் எண் மலைபோல் நிற்கும். குணப்படுத்திய அளவு அதிகம் என்பது, அணி தேவையில்லாமல் அதிகம் அடிவாங்கியது என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் வார்டு வைத்து இருளை விலக்கியதற்கு மதிப்பெண் உண்டு. அது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, ‘போகாதே, மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள்’ என்று ஒருவர் பிங் செய்ததும் (திரையில் குறி இட்டு எச்சரித்ததும்), அதனால் மற்றவர் திரும்பி வந்ததும் எங்கும் பதிவாவதில்லை. டோட்டா 2இல் முன்பு பொருள் சுமந்து வரும் கூரியரைக்கூட யாராவது ஒருவர் தன் தங்கத்தைச் செலவழித்து வாங்க வேண்டியிருந்தது. அணியில் ஐந்து பேரும் பயன்படுத்தும் ஒன்றுக்காக ஒருவர் தன் வளர்ச்சியைத் தள்ளிப்போட்டார். ஆட்டத்தின் முடிவில் மிகக் குறைந்த தங்கம் வைத்திருந்தவராக அவரே பட்டியலில் நின்றார்.

இதைப் படித்துவிட்டு, மற்றவர்களுக்குத் துணைநிற்கும் சப்போர்ட் ஆடுபவருக்கே எப்போதும் வாக்களிக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நானும் சில மாதங்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். அதுவும் கவனிக்காமல் இருப்பதன் இன்னொரு வடிவம்தான். ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய ஆட்டத்தில் நால்வர் குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், தாக்குபவர் இருவர் இருப்பார்கள்; முடிவில் ஒருவருக்கு மட்டும் பாராட்டுத் தரலாம். டேங்கும் ஹீலரும் ஆளுக்கு ஒருவராகத் தனித்துத் தெரிவதால் வாக்குகள் அவர்கள் பக்கமே போகின்றன, தாக்குபவர்கள் எவ்வளவு செம்மையாக ஆடினாலும் கண்ணில் படுவதில்லை என்ற மனக்குறை அங்கே பழையது. நான் ஹீலராகச் சென்ற ஒரு நாள், தாக்குபவர் ஒருவர் தரையில் தோன்றிய ஒவ்வோர் ஆபத்து வட்டத்திலிருந்தும் முன்கூட்டியே விலகி, முழு ஆட்டத்திலும் என் உதவியே தேவைப்படாதவராக இருந்தார். ஒருமுறைகூட நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் வராததே அவர் எனக்குச் செய்த உதவி என்பது முடிவில்தான் உறைத்தது, என் வாக்கு அவருக்குப் போனது.

திறமையும் நடத்தையும் எதிரெதிராக நிற்கும்போது என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. அணியைத் தோளில் சுமந்து வென்று கொடுத்தவர் போகிற போக்கில் ஒரு புதியவரை இழிவாகப் பேசியிருந்தால் அவருக்கு என் வாக்கு இல்லை. வெற்றி அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, ரேங்க் ஏறிவிட்டது, எம்விபி பட்டமும் அநேகமாக அவருடையதுதான். ஆனால் இதன் மறுபக்கத்தில் எனக்கு எச்சரிக்கை உண்டு. இனிமையாகப் பேசினார் என்பதற்காக மட்டும், ஆட்டத்தில் அக்கறை காட்டாத ஒருவருக்கு நான் கொடுப்பதில்லை. முயன்று தோற்றவருக்கும் முயலாமல் சிரித்துக்கொண்டிருந்தவருக்கும் உள்ள வேறுபாடு, கூடவே ஆடியவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

வழிநடத்தல் என்றதும் மைக்கில் பேசுபவரையே நினைக்கிறோம், அதிலும் ஓர் அநீதி இருக்கிறது. குரல் கேட்டவுடன் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளான அனுபவம் உள்ள பெண்களும் சிறுவர்களும் மைக்கைத் தொடவே தயங்குகிறார்கள். பொது மொழி தெரியாதவர்களும் அப்படித்தான். 2019இல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற சுடும் ஆட்டம் வந்தபோது அதன் பிங் முறை பரவலாகப் புகழப்பட்டதற்குக் காரணம், ஒரு சொல்கூடப் பேசாமல் எதிரி இருக்கும் இடம், ஆயுதம் கிடக்கும் இடம், போக வேண்டிய திசை எல்லாவற்றையும் சுட்ட முடிந்தது என்பதே. நான் ஆடியதில் மிகச் சிறந்த தலைமை எனக் கருதும் சிலவற்றில் ஒரு குரலும் கேட்கவில்லை. ஒரு குறி, அதன் பின்னே ஓர் ஓட்டம், எங்களை எதிர்பார்த்து ஒரு நிற்றல். நாங்கள் மூவரும் கேள்வி கேட்காமல் பின்னால் போனோம்.

தோற்ற ஆட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தவறிய இடம் அது. தோல்வி அறிவிக்கப்பட்டவுடன் விரல் தானாக வெளியேறும் பொத்தானுக்குப் போகும். வாக்குத் திரை வரும்வரை காத்திருக்கும் பொறுமை அப்போது இருப்பதில்லை. இதன் விளைவாக, தோற்கும் அணியில் கடைசிவரை உறுதியாக நின்றவர்களே மிகக் குறைந்த பாராட்டைப் பெறுகிறார்கள், அதே சமயம் எளிதாக வென்ற ஆட்டத்தில் எதுவும் செய்யாமல் நின்றவர்களுக்கு வாக்குகள் குவிகின்றன. ஒருமுறை, அணியின் கோபுரங்களைக் காக்க வேண்டிய ஓர் ஆட்டத்தில், எங்களில் ஒருவர் நடுவிலேயே வெளியேறிவிட்டார். மீதி இருந்தவர்களில் ஒருவர், சரணடையலாம் என்று மற்றவர்கள் கேட்டபோதும் கோபிக்காமல், கோபுரத்துக்குக் கோபுரம் ஓடிக் காத்துக்கொண்டே இருந்தார். தோற்கத்தான் செய்தோம். வாக்களித்துவிட்டு, வாக்கு மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாது என்று தோன்றியதால், கீழ்ப் பாதையில் அவர் தனியாக இரண்டு பேரைத் தடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ‘அதைக் கவனித்தீர்களா?’ என்று மட்டும் பதில் வந்தது. அன்றிலிருந்து முடிந்தபோதெல்லாம் வாக்கோடு ஒரு வரியும் எழுதுகிறேன்.

கூட்டாகச் சேர்ந்து ஆடும் நண்பர்களுக்கு வாக்களிப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஃபைனல் ஃபேன்டசி 14 சேர்ந்து நுழைந்தவர்கள் ஒருவருக்கொருவர் பாராட்டுத் தருவதையே தடுக்கிறது. அந்த விதி எல்லா ஆட்டங்களிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நண்பருக்கு நன்றி சொல்ல எனக்கு நூறு வழிகள் இருக்கின்றன, முன்பின் தெரியாதவருக்கு இந்த ஒரு வழிதான். அதேபோல, கொடுப்பவருக்கும் பரிசு தரும் முறைகள் எனக்குக் கவலை அளிக்கின்றன. டெஸ்டினி 2 என்ற ஆட்டத்தில் 2023இல் பாராட்டு முறை வந்தபோது, தகுதிநிலையில் மேலேறப் பாராட்டு மதிப்பெண் தேவைப்பட்டது, பிறருக்குக் கொடுப்பதாலும் அந்த மதிப்பெண் கூடியது. கிடைத்த பெயரில் கிடைத்த பாராட்டு அட்டையை ஒட்டிவிட்டு நகரும் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. எவர்குவெஸ்ட் என்ற பழைய இணைய ஆட்டத்தின் காலத்துப் பெருங்குழுக்கள் டிராகனை வீழ்த்தியபின் கிடைத்த பொருள் யாருக்கு என்று முடிவு செய்ய, வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளி எழுதி வைக்கும் முறையைத் தாங்களாகவே உருவாக்கின. அது குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பவருக்கு அதில் ஆதாயம் இல்லை, வந்து நின்றதே ஒரு பங்களிப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது.

இத்தனை விதிகள் வைத்திருந்தும் முடிவு செய்ய முடியாத ஆட்டங்கள் வருகின்றன. சென்ற வாரம் அப்படி ஒன்று. அணியில் இருவர் ஆரம்பத்திலேயே சண்டையிடத் தொடங்கினார்கள். மூன்றாமவர் ஒருவர் ஆடுவதைக்கூட விட்டுவிட்டு நின்று நின்று தட்டச்சு செய்து அவர்களைச் சமாதானப்படுத்தினார். அப்படி நின்றபோது இரண்டு முறை செத்தார். நான்காமவர் அந்தச் சண்டையைக் கண்டுகொள்ளாமல், மூன்றாமவர் விட்ட இடத்தையும் சேர்த்துத் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சண்டை ஓய்ந்தது, ஆட்டம் திரும்பியது, வென்றோம். வாக்கு ஒன்றுதான். சமாதானம் செய்தவர் இல்லாவிட்டால் அணியே கலைந்திருக்கும். இடத்தைப் பிடித்தவர் இல்லாவிட்டால் சமாதானம் ஆவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். இருவருக்கும் என்னிடம் முழு வாக்கியம் தயாராக இருந்தது. நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. இடத்தைப் பிடித்தவரின் வேலையை வேறு யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் பெயரை அழுத்தினேன், சமாதானம் செய்தவருக்கு ஒரு வரி எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் அவர் வெளியேறிவிட்டார்.